கண்குழிக்குக் கரையும் தகடு: எதைப் பார்த்து ஒப்பிடுவது?

"கரையுற பிளேட் வைக்கலாமா, டைட்டானியம் வலை வைக்கலாமா?" இந்தக் கேள்வி பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், வார்டு வராந்தாவில், கையெழுத்துப் போட வேண்டிய தாளோடு சேர்ந்துதான் வரும். பைக்கிலிருந்து விழுந்தவரோ கண்ணில் பந்து பட்டவரோ கண்குழி எலும்பு உடைந்து உள்ளே படுத்திருப்பார், அந்த ஓட்டையை மூடத்தான் இந்தத் தகடு. வெளியே நிற்கும் அண்ணனோ மாமாவோ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கரையுறதுன்னா நல்லதுதானே சார், உடம்புல ஒண்ணும் தங்காதே" என்பார். பாதிப் பேர் அந்த ஒரு வரியிலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். அது சரியாக அமைவதும் உண்டு. ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி முன் நிற்கும்போது ஒரு கண் மட்டும் உள்ளே போன மாதிரி தெரிவதும் உண்டு. முகத்தாடை அறுவைப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், இந்தப் பொருள்களை நான் எப்படி ஒப்பிடுகிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஸ்கேனைக் கையில் வைத்திருக்கும் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

முதலில் ஓட்டை, அப்புறம்தான் தகடு

கண் உட்கார்ந்திருக்கும் குழி ஏழு எலும்புகள் சேர்ந்த ஒரு கூம்பு. வெளி விளிம்பு தடித்தது, அடி தாங்கும். உள்ளே அப்படி இல்லை. தரை பல இடங்களில் அரை மில்லிமீட்டர் கனம்தான், மூக்குப் பக்கச் சுவர் அதைவிடவும் மெல்லிசு, அந்தச் சுவருக்கு லத்தீனில் வைத்திருக்கும் பெயரே காகிதத் தகடு என்றுதான் பொருள்படும். 1957இல் பைரன் ஸ்மித், வில்லியம் ரீகன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சடலத்தின் கண் மேல் பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள். விளிம்பு அப்படியே இருந்தது, உள்ளே தரை மட்டும் உடைந்து கீழே சைனஸ், அதாவது கன்னத்துக்குள் இருக்கும் காற்றறைப் பக்கம் இறங்கியிருந்தது. 'புளோ அவுட்' முறிவு என்று டாக்டர்கள் இன்றும் சொல்வது அவர்கள் வைத்த பெயர்.

தரை உடைந்தால் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு சைனஸுக்குள் தொங்கும். பெரியவர்களுக்குக் குழியின் கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லி. அதில் ஒரு மில்லி கூடினால் கண் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பின்னால் போகும் என்பது எங்களுடைய வாய்க்கணக்கு. இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் எதிரே இருப்பவருக்கே தெரிந்துவிடும். கண்ணை அசைக்கும் தசையோ அதைச் சுற்றிய சவ்வோ விரிசலில் மாட்டிக்கொண்டால் மேலே பார்க்கும்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். கன்னமும் மேலுதடும் மரத்துப்போனது போல இருக்கிறதென்றால், அந்தத் தரை வழியாக ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது. எந்தத் தகடு வைத்தாலும் அது தன் வேகத்தில்தான் தேறும், அதை வைத்துத் தகட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஆகவே பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஸ்கேனில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஓட்டை எத்தனை சதுர சென்டிமீட்டர்? தரை மட்டும்தானா, மூக்குப் பக்கச் சுவரும் சேர்ந்து போய்விட்டதா, இரண்டும் சேரும் மூலை நிற்கிறதா? ஓட்டையின் பின்பக்கத்தில் தகடு உட்காருவதற்கு எலும்பு விளிம்பு மிச்சமிருக்கிறதா? இந்த மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஒரு பலகையை இரண்டு பக்கமும் சுவர் மேல் வைத்தால் நிற்கும். முன்பக்கம் மட்டும் வைத்துப் பின்பக்கத்தை அந்தரத்தில் விட்டால் எவ்வளவு உசத்தியான பலகையாக இருந்தாலும் சாயும்.

ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கும் ஓட்டை, தசை மாட்டவில்லை, கண்ணும் உள்வாங்கவில்லை என்றால் பல நேரம் ஆபரேஷனே வேண்டியிருக்காது. வீக்கம் வடிய ஒரு வாரம் பத்து நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கும் மெல்லிய கரையும் தகடுகள் நன்றாகவே வேலை செய்கின்றன. இரண்டரையைத் தாண்டிவிட்டால், அதுவும் இரண்டு சுவரும் போயிருந்தால், 'கரையும்' என்ற சொல்லைக் கேட்டதுமே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்த எண்கள் சட்டம் கிடையாது, மருத்துவருக்கு மருத்துவர் கொஞ்சம் மாறும். ஆனால் எண்ணே சொல்லாமல் பொருளை மட்டும் சொன்னால் மறுபடி கேளுங்கள்.

இரண்டு கடிகாரம்

வீடு கட்டும்போது சென்ட்ரிங் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பலகையும் முட்டும் கொடுத்து, மேலே கான்கிரீட் கொட்டி, அது இறுகிய பிறகு பிரிப்பார்கள். சின்ன ஸ்பேன் என்றால் சீக்கிரம் பிரிக்கலாம், பெரிய ஸ்பேன் என்றால் கூடுதல் நாள் விட வேண்டும். கரையும் தகடு என்பது தன்னைத் தானே பிரித்துக்கொள்ளும் சென்ட்ரிங். பிரிவதற்குள் மேலே ஏதாவது இறுகியிருக்க வேண்டும் என்பதுதான் முழுக் கணக்கும்.

இந்தத் தகடுகளுக்கு இரண்டு கடிகாரம் ஓடும். ஒன்று, எவ்வளவு நாள் பலத்தோடு நிற்கும். இரண்டு, எவ்வளவு நாளில் உடம்பிலிருந்து முழுசாக மறையும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டாவது, நமக்கு வேண்டியது முதலாவது. பலம் எப்போதும் முதலில் போய்விடும், பொருள் அப்புறம்தான் போகும். ஒரு வருஷத்தில் கரையும் என்று சொல்லப்படும் தகடு மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு பெயருக்குத்தான் அங்கே இருக்கும், எதையும் தாங்காது. "எத்தனை மாதத்தில் கரையும்?" என்ற கேள்வியை "எத்தனை வாரம் தாங்கும்?" என்று மாற்றிக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு, இதில் சென்ட்ரிங் உவமை கொஞ்சம் ஏமாற்றும். மேலே இறுகுவது கான்கிரீட்டாக இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். கண்குழித் தரையில் பல நேரம் அங்கே வளர்வது முழு எலும்பு இல்லை, தழும்புத் திசுவாலான ஒரு விரிப்பு, ஓரங்களில் கொஞ்சம் எலும்பு. சின்ன ஓட்டைக்கு அந்த விரிப்பு போதும், கண்ணும் கொழுப்பும் அப்படியொன்றும் கனம் இல்லை. தாடை மாதிரி மென்று இழுக்கும் விசையும் இங்கே கிடையாது. பெரிய ஓட்டையில் அதே விரிப்பு மெல்ல மெல்லத் தொட்டில் துணி மாதிரித் தொய்ந்துவிடும். ஆபரேஷன் முடிந்த மாதம் அருமையாக இருந்த கண், வருஷக் கடைசியில் உள்வாங்குவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

கரைவது எப்படி என்பதும் சுருக்கமாகத் தெரிந்திருக்கட்டும், பெயர்களைப் புரிந்துகொள்ள உதவும். இவை எல்லாம் லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் போன்ற சின்னக் கண்ணிகளைச் சங்கிலியாகக் கோத்த பிளாஸ்டிக். உடம்பின் நீர் உள்ளே போய்க் கண்ணிகளை வெட்டும், உடம்பு அவற்றைக் கரியமில வாயுவும் நீருமாக மாற்றி வெளியேற்றிவிடும். கிளைகாலிக் பங்கு கூடினால் நீர் சீக்கிரம் உள்ளே போகும். லாக்டிக் பங்கு கூடினால் நீரைத் தள்ளும், மெதுவாகத்தான் கரையும். லாக்டிக்கிலும் எல்., டி. என்று வலதுகை இடதுகை மாதிரி இரண்டு வடிவம் உண்டு. எல். மட்டும் இருந்தால் அடுக்கிய செங்கல் போல ஒழுங்காக உட்கார்ந்து படிகமாகிவிடும், இடுக்கில் நீர் நுழையாது. டி. வடிவத்தையும் கலந்தால் கொட்டிக் கிடக்கும் செங்கல் மாதிரி, நீர் எல்லாப் பக்கமும் புகும். பெட்டி மேல் 82:18, 85:15, 70:30 என்று போட்டிருப்பது இந்தக் கலவை விகிதம்தான், அதைப் படிக்கத் தெரிந்தால் விற்பனைப் பிரதிநிதியின் பேச்சு பாதி தேவைப்படாது.

ஒவ்வொன்றாக

பாலிடையாக்ஸனோன், சுருக்கமாக பி.டி.எஸ். வயிற்று ஆபரேஷனில் போடும் கரையும் தையல் நூலும் இதே பொருள்தான். 0.15, 0.25, 0.5 மில்லிமீட்டர் கனங்களில் ஏடு போல வரும். கத்தரிக்கோலால் வெட்டலாம், சுடுநீர் வேண்டாம், சின்னக் கீறல் வழியாக வளைத்து உள்ளே நுழைத்துவிடலாம். நான்கைந்து வாரத்தில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஆறு மாத வாக்கில் ஆளைக் காணாது. இதன் குறையும் அதே வளைவுதான். தரையின் வளைவுக்கு ஏற்ப வடிவம் கொடுத்தால் நிற்காது, தன் பழைய தட்டையான நிலைக்கே திரும்பப் பார்க்கும். குழியின் தரை தட்டை இல்லை. விளிம்புக்குப் பின்னால் பள்ளமாக இறங்கி, அப்புறம் மேலே மேடாக ஏறும், அந்த மேடுதான் கண்ணை முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது. பி.டி.எஸ். அந்த மேட்டை உண்டாக்காது. சின்ன ஓட்டை, மாட்டிய தசையை விடுவித்த பிறகு மறுபடி ஒட்டாமல் நடுவில் ஒரு தடுப்பு, இந்த வேலைக்கு எனக்கு இது பிடித்த பொருள். பெரிய ஓட்டைக்கு இதைப் போட்டவர்கள் கண் உள்வாங்குவதைப் பார்த்திருக்கிறார்கள், அதை மருத்துவ இதழ்களில் எழுதியும் இருக்கிறார்கள்.

பி.எல்.ஜி.ஏ., அதாவது லாக்டிக்கும் கிளைகாலிக்கும் கலந்தது. 'கரையும் வலை' என்று நம்மூரில் பொதுவாகச் சொல்லும்போது மனதில் இருப்பது இதுதான். லாக்டோசார்ப் என்ற பெயரில் வருவது 82:18 கலவை. எட்டு வாரத்தில் பலத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் மிச்சமிருக்கும், ஒரு வருஷ வாக்கில் கரைந்துவிடும். ரேபிட்சார்ப் 85:15, அதுவும் ஒரு வருஷக் கணக்குத்தான். சுடுநீரில் காட்டினால் சில விநாடி அப்பளம் போல இளகும், அதற்குள் வடிவம் கொடுத்துவிட வேண்டும், ஆறியதும் அந்த வடிவத்திலேயே நிற்கும். அந்த மேட்டை உண்டாக்க முடிகிறது என்பதால் நடுத்தர ஓட்டைக்கு, குழந்தைகளுக்கு, நான் முதலில் யோசிப்பது இதைத்தான். தையல் முடிந்து எட்டு வாரம் பலத்தோடு நின்றால், ஒன்றரை இரண்டு சதுர சென்டிமீட்டர் ஓட்டையில் தழும்பு விரிப்பு தயாராகியிருக்கும்.

70:30 என்பது எல். வடிவமும் எல்.டி. கலவையும் சேர்ந்த லாக்டிக் வகை, கிளைகாலிக் கிடையாது. கூடுதல் மாதங்கள் தாங்கும், முழுசாக மறைய இரண்டு மூன்று வருஷம் ஆகும். வளர்ந்தவருக்குக் கொஞ்சம் பெரிய ஓட்டை, ஆனாலும் உலோகம் வேண்டாம் என்று உறுதியாக இருக்கிறார் என்றால் இதைப் பார்க்கலாம்.

அடுத்தது சுத்தமான பி.எல்.எல்.ஏ., அதாவது எல். வடிவ லாக்டிக் மட்டும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'மெதுவாகக் கரைந்தால் நல்லதுதானே' என்ற எண்ணத்துக்கு விழுந்த முதல் பெரிய அடி இதில்தான். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்து மருத்துவர்கள் எண்பதுகளில் கன்ன எலும்பு முறிவுக்கு பி.எல்.எல்.ஏ. தகடும் திருகும் போட்டார்கள். முறிவு நன்றாகக் கூடியது, எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று வருஷம் கழிந்த பிறகு சிலர் தகடு இருந்த இடத்தில் வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். திறந்து பார்த்தால் தகடு கரைந்து மறையவில்லை, நுணுக்கமான படிகத் துண்டுகளாக உடைந்து கிடந்தது, உடம்பின் செல்கள் அவற்றை விழுங்க முயன்றுகொண்டிருந்தன. ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவரிடமும் மிச்சம் இருந்தது. மேலே சொன்ன அடுக்கிய செங்கல் இதுதான், சுவர் இடிந்தது, செங்கல் கரையவில்லை. அதற்குப் பிறகு வந்த கலவைகள் பெரும்பாலும் அந்தப் படிகத்தைக் குலைப்பதற்காகவே செய்யப்பட்டவை. இன்று யாராவது 'பி.எல்.எல்.ஏ.' என்று மட்டும் சொன்னால், எதோடு கலந்தது என்று கேளுங்கள். பி.எல்.ஜி.ஏ.வில்கூட கரையும் கட்டத்தில் கொஞ்சம் வீக்கம், கண்ணிமைக்குக் கீழே தடிப்பு, எப்போதாவது வரும். அமிலம் வெளிப்படும் காலத்தில் அந்த இடம் கொஞ்சம் கோபித்துக்கொள்கிறது, பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

ஜப்பானில் பி.எல்.எல்.ஏ.வோடு எலும்பின் கனிமத்தைத் துகளாகக் கலந்து ஒரு தகடு செய்தார்கள், ஆஸ்டியோட்ரான்ஸ் என்ற பெயரில் வருகிறது. எலும்பு அதை ஒட்டி வளர விரும்பும், தவிர எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் தெரியும். இந்த இரண்டாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மற்றக் கரையும் தகடுகள் ஸ்கேனில் சரியாகத் தெரியாது, தகடு பின் விளிம்பில் உட்கார்ந்ததா நழுவியதா என்று ஆபரேஷனுக்குப் பிறகு உறுதி செய்வது சிரமம். ஆனால் இது கரைய ரொம்ப வருஷம் எடுக்கும், 'ஒன்றும் தங்காது' என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாந்துபோவார்.

பாலிகேப்ரோலாக்டோன் வலையைச் சிங்கப்பூர்க்காரர்கள் முப்பரிமாண அச்சில் தேன்கூடு போலச் செய்து, கண்குழிக்கும் மண்டையோட்டுத் துளைக்கும் பயன்படுத்தினார்கள். நெகிழ்வானது, இரண்டு மூன்று வருஷக் கரைப்பு. அதன் வேலை தாங்குவதைவிட, வலையின் துளைகளுக்குள் ரத்தநாளமும் எலும்பும் வளர இடம் கொடுப்பது. கொலாஜன், ஜெலட்டின் ஏடுகள் வெறும் திரைதான், தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மெக்னீசியத் தகடுகளைப் பற்றி இணையத்தில் நிறையப் படிப்பீர்கள், கண்குழிக்கு அது இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது.

சொந்த எலும்பையும் மறக்கக் கூடாது. இடுப்பிலிருந்தோ மண்டையோட்டின் வெளிப்படலத்திலிருந்தோ சீவி எடுத்து வைப்பது பழைய முறை, மூக்கு நடுச்சுவர்க் குருத்தெலும்பும் காதுக் குருத்தெலும்பும்கூட உண்டு. உடம்பு அதை நிராகரிக்காது. ஆனால் இதுவும் கரையும், எவ்வளவு கரையும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, எடுத்த இடத்தில் வலி வேறு. 'இயற்கையானது என்றால் ஆபத்தே இல்லை' என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை: இறந்தவர்களின் மூளை உறையைப் பதப்படுத்தி லயோடியூரா என்ற பெயரில் விற்றார்கள், மூளை ஆபரேஷனிலும் கண்குழியிலும் போட்டார்கள். அதன் வழியாக கிராய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கப் என்ற மூளை அழுகல் நோய் பரவியது 1987இல் வெளியே தெரிந்தது. ஜப்பானில் மட்டும் நூற்றுக்கும் அதிகமான மூளை ஆபரேஷன் நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். இன்று வரும் செயற்கைத் தகடுகளில் அந்தப் பயம் இல்லை.

டைட்டானியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கரையும் பொருள்களை மட்டும் தங்களுக்குள் ஒப்பிட்டால் ஒப்பீடு முடியாது. டைட்டானியம் வலை மெல்லியது, வளைத்த வடிவத்தில் அப்படியே நிற்கும், ஸ்கேனில் பளிச்சென்று தெரியும், எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை. பெரிய ஓட்டைக்கும் இரண்டு சுவர் முறிவுக்கும் பெரும்பாலான நேரம் எனக்கு இதுதான் முதல் தேர்வு, கரையும் தகடு விற்பவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. குறை என்னவென்றால் வெட்டிய ஓரம் கூர்மையாக இருந்தால் கொழுப்பு மாட்டும், வலையின் துளை வழியாகத் தழும்பு வளர்ந்து கண் அசைவதை இழுத்துப் பிடிக்கலாம், பின்னால் எடுக்க வேண்டி வந்தால் பிரித்தெடுப்பது பெரும் பாடு. 'உடம்பில் தங்கும்' என்பது மட்டும் அதற்கு எதிரான வாதம் ஆகாது. சரியான இடத்தில் அமைதியாக இருக்கும் டைட்டானியத்தை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

தசை மாட்டிய சின்ன விரிசலுக்குப் போய் உலோக வலை போடுவதும் கொசுவை அடிக்கக் கோடரி எடுத்த கதைதான். அங்கே மெல்லிய பி.டி.எஸ். ஏடு போதும், சில நேரம் அதுவும் வேண்டாம்.

தியேட்டருக்குள் போனதும் மாறும் விஷயங்கள்

தாளில் சமமாகத் தெரியும் இரண்டு தகடுகள் கையில் எடுத்ததும் வேறு வேறாக நடந்துகொள்ளும். முதல் விஷயம் வெப்பம். பி.எல்.ஜி.ஏ. தகடு ஏறக்குறைய 55, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி, ஆகவே மிச்சத் துண்டை மறுபடி சுத்தம் செய்து அடுத்தவருக்கு வைக்கலாம் என்ற பேச்சே கூடாது. டைட்டானியத்தில் சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள், கரையும் தகட்டில் அது பொருளையே கெடுத்துவிடும். நம்மூர் மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்த பெட்டி என்றால் சேமிப்பு வெப்பநிலை வரம்பு என்ன போட்டிருக்கிறது, ஏசி அறையில்தான் வைத்திருந்தார்களா என்று கேட்பதில் தப்பில்லை. ஈரம் பட்டாலும் கரையும் வேலை உறைக்குள்ளேயே தொடங்கிவிடும். உறை கிழிந்திருந்தாலோ தேதி தாண்டியிருந்தாலோ வாங்கவே கூடாது.

ஜூனியர்களுக்கு ஒரு வழக்கம் சொல்வேன். தகட்டை நேரடியாக வெட்டாதீர்கள், தையல் நூல் பாக்கெட்டின் ஃபாயிலை வெட்டி ஓட்டைக்குள் வைத்துப் பாருங்கள், பொருந்தியதும் அதைத் தகட்டின் மேல் வைத்து வெட்டுங்கள். சுடுநீரில் காட்டி வளைத்ததை உடனே உள்ளே திணிக்க வேண்டாம், ஆறட்டும். விளிம்பிலிருந்து பின்னால் 35 மில்லிமீட்டர் தாண்டினால் நிதானம் வேண்டும், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பார்வை நரம்பு இருக்கிறது. பின் விளிம்பில் தகடு உட்கார்ந்ததை மெல்லிய கருவி வைத்துத் தொட்டு உணர்ந்த பிறகுதான் முன்னால் ஒரு திருகு. கடைசியாக, மயக்கத்தில் இருக்கும்போதே கண்ணைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது: வைப்பதற்கு முன் ஒரு முறை, வைத்த பின் ஒரு முறை. முன்னால் சுலபமாக அசைந்த கண் பின்னால் இழுத்தால் தகட்டுக்கு அடியில் எதுவோ மாட்டியிருக்கிறது, எடுத்து மறுபடி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் தோலைத் தைத்து மூடியதற்காக நான் ஒரு முறை வருத்தப்பட்டிருக்கிறேன், மறுநாளே மறுபடி திறக்க வேண்டி வந்தது. பொருளின் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாத தப்பு அது.

இன்னொன்று சைனஸ். தகட்டின் அடிப்பக்கம் சைனஸுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மேல் கடைவாய்ப் பல்லில் சீழ், தீராத சைனஸ் தொல்லை, விடாத சிகரெட், இவற்றில் எது இருந்தாலும் எந்தப் பொருளிலும் தொற்று வரும் வாய்ப்பு கூடும். இதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

குழந்தை என்றால்

குழந்தைகளின் எலும்பு பச்சைக் கொம்பு மாதிரி. உடைந்து விழாமல் திறந்து மூடும் கதவு போலச் சட்டென்று திரும்பி, தசையைக் கவ்விக்கொள்ளும். கண் சிவந்திருக்காது, வீக்கம் பெரிதாக இருக்காது, பிள்ளை வாந்தி எடுக்கும், நாடித் துடிப்பு குறையும். தலையில் அடி என்று நினைத்து ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள், அதற்குள் தசைக்கு ரத்தம் போகாமல் கெட்டுவிடும். பந்து பட்ட பிள்ளை மேலே பார்க்கச் சொன்னால் ஒரு கண் மட்டும் நகரவில்லை, பார்க்க முயன்றாலே குமட்டுகிறது என்றால் அன்றைக்கே ஆபரேஷன் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே தகடு எது என்பது இரண்டாம் பட்சம், விடுவிப்பதுதான் வேலை. தகடு வேண்டியிருந்தால் வளரும் எலும்பில் நிரந்தரமாக ஒன்றை விட்டு வைக்காமல் கரையும் பொருளைத் தேர்ந்தெடுப்பது நியாயம். கரையும் தகட்டுக்காக நான் தயங்காமல் பேசும் இடம் இது.

வீட்டுக்கு வந்த பிறகு

மூக்கைச் சிந்தக் கூடாது, சில வாரங்களுக்காவது. சிந்தினால் சைனஸிலிருந்து காற்று கண்குழிக்குள் ஏறி ஒரு நிமிஷத்தில் கண் உப்பிக்கொள்ளும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ஆபரேஷன் முடிந்த அன்று இரவு கண் கல் மாதிரி இறுகி, வலி கூடி, பார்வை மங்கினால் காலை வரை காத்திருக்காதீர்கள், நர்ஸை எழுப்புங்கள், வீட்டில் இருந்தால் கிளம்பிவிடுங்கள். உள்ளே ரத்தம் கசிந்து பார்வை நரம்பை நசுக்கினால் பார்வையைக் காப்பாற்றக் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான்.

அப்புறம் செக்கப். டைட்டானியம் வைத்தவருக்கு முதல் மூன்று மாதம் நன்றாகப் போனால் பெரும்பாலும் நன்றாகவே போகும். கரையும் தகடு வைத்தவர் அப்படி நிம்மதியாகிவிடக் கூடாது. பலம் போகும் காலமும் பொருள் மறையும் காலமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆறாவது மாதமும் ஒரு வருஷத்திலும் கட்டாயம் காட்டுங்கள், 70:30 என்றால் இரண்டாவது வருஷமும். வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று: தலையை நன்றாக அண்ணாந்து வைத்து, தாடைக்குக் கீழிருந்து மேல்நோக்கி, மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நேராக எடுத்தால் தெரியாத மில்லிமீட்டர்கள் அந்தக் கோணத்தில் தெரியும். போனிலேயே தனி ஃபோல்டரில் போட்டு வைத்தால் டாக்டருக்கும் உதவும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கரையும் தகடு பொதுவாக விலை கூடுதல், திருகும் அதற்குரிய கருவியும் தனிக் கணக்கு. காப்பீட்டில் எது அடங்கும், எதை வெளியே வாங்கச் சொல்வார்கள் என்பதை முந்தின நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தகட்டுப் பெட்டிக்குள்ளும் பெயர், கலவை, லாட் எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லுங்கள், இன்னொன்றைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் கழித்துக் கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்து புது ஊரில் புது டாக்டரிடம் போய் உட்காரும்போது, "ஏதோ கரையுற பிளேட் வெச்சாங்க சார்" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஸ்டிக்கரைக் காட்டினால் எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.